பேனரில் இருந்தது அவர் வண்டி அல்ல

பூதலூரிலிருந்து சந்தானம் சாரின் மகன் போனில் அழைத்தபோது நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. "அப்பா போயிட்டாங்க மாமா" என்றான். அந்த இரைச்சலில் எனக்கு அழக்கூட வரவில்லை. "வரேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். சாரின் முகத்தைப் பார்க்க எனக்கு எப்போதுமே ஒரு தயக்கம் உண்டு. அன்றும் இருந்தது.

சாரை அறிந்தவர்கள் அவருடைய கவச வண்டியைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். காலாட்படை வீரர்களைப் பின்புறம் ஏற்றிக்கொண்டு சேற்றில் ஓடும், தண்ணீரில் மிதக்கும். மாதிரிக்கென்று ஒன்றே ஒன்று செய்தார்கள். வடிவமைத்த பொறியாளர் அவர். சோதனையின்போது உள்ளே உட்கார்ந்த சிப்பாய்களில் மூத்தவன் நான். நடு ஏரியில் பின்கதவு வழியாகத் தண்ணீர் புகுந்து முழங்காலைத் தொட்டது. கரையேறியதும் அதிகாரிகள் முன்னால் மற்றவர்கள் "நல்லாருக்கு சார்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். சார் நேராக என்னிடம் வந்தார்.

"கடலோரத்து ஆளு நீங்க. உள்ள உக்காந்து வந்தவரும் நீங்க. சொல்லுங்க செல்வம்."

"இதுல பசங்கள ஏத்த மாட்டேன் சார்."

அவர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். கதவைச் சரிசெய்ய இன்னொரு வாய்ப்புக் கேட்டார், தரவில்லை. திட்டத்தையே மூடிவிட்டார்கள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் ஒரு மனிதரின் பல வருட உழைப்பு என் ஒரு வாக்கியத்தில் போயிற்றே என்ற உறுத்தல் இன்றுவரை விடவில்லை.

ஓய்வுபெற்றபின் அவர் ஊரில் விவசாயம் பார்த்தார். ஒரு சம்பா அறுவடைக்குப் போயிருந்தேன். நெல் அறுக்க வந்த, பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி அவர் வயல் சேற்றில் புதைந்துவிட்டது. டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டிருக்க, சார் வரப்பில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம வண்டியா இருந்தா ஏறியிருக்கும்ல செல்வம்?" என்றார். நம்ம வண்டி என்றார்.

துக்க வீட்டுத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். சாரின் படத்துக்குப் பின்னால் ஒரு கவச வண்டி. அவர் வண்டியின் படம் கிடைக்காமல், பேனர் கடைக்காரர் நெட்டிலிருந்து ஏதோ வெளிநாட்டு வண்டியை எடுத்துப் போட்டிருந்தார். கீழே, 'ராணுவத்துக்குக் கவச வண்டி தந்தவர்' என்று பெரிய எழுத்து. வந்தவர்கள் எல்லாம் பெருமையாகப் பார்த்தார்கள்.

"நல்லாருக்கா மாமா?" என்று மகன் கேட்டான்.

"நல்லாருக்கு தம்பி."

உள்ளே சாரின் மனைவி என்னைக் கையசைத்து அருகில் அழைத்தார். மகன் பேனரைப் போனில் காட்டி, நான் நல்லாருக்கு என்றதையும் சொல்லியிருக்கிறான்.

"அது அவர் வண்டி இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"எல்லாரும் நல்லாருக்குன்னப்போ செல்வம் ஒருத்தர்தான் உண்மையச் சொன்னாருன்னு கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இன்னைக்கு நீங்களும் நல்லாருக்குன்னுட்டீங்களே."

அதனால்தான் இதை எழுதுகிறேன். பேனரில் இருந்தது சாரின் வண்டி அல்ல. அவர் வண்டி படையில் சேரவே இல்லை. வேண்டாம் என்று சொன்னவன் நான். அதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதி அனுப்பியவர் அவர். "சொல்லுங்க செல்வம்" என்று அன்று ஏரிக்கரையில் கேட்ட அந்தக் குரல்தான் எனக்கு மிச்சம். இந்த முறை அது காதில் கேட்டும் நானும் 'நல்லாருக்கு' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன், சார்.