கடைசியாகக் கண்டது ஆர்

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் தொலைந்தாலும் மரண விசாரணை நடக்கும். கத்தரிக்கோலைக் காணவில்லை என்றால் அப்பா விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கடைசியாகக் கண்டது ஆர்?" என்று கேட்பார். "அது செத்துப்போச்சு, எடுத்து அடக்கம் பண்ணுங்கோ" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொல்வார். எனக்கென்றால் அந்தக் கேள்வி நல்ல விருப்பம். "நான் கண்டனான்" என்று முதலில் கையைத் தூக்குகிற ஆளுக்கு அப்பாவிடம் தனி மதிப்பு இருந்தது. ஒன்பது வயதுவரை அந்த மதிப்பை நான் வேறொருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்பாவுக்கு வயல் இருந்தது. அதோடு எங்கள் பகுதிக்கு மரண விசாரணை அதிகாரியும் அவர்தான். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிற பக்கம் எங்கள் ஊர். ஆற்றில் போனவர், பாம்பு கடித்தவர், மரத்தால் விழுந்தவர் என்று யார் திடீரென்று செத்தாலும் பொலிஸ்காரர் எங்கள் படலையில் வந்துதான் சைக்கிள் மணியை அடிப்பார். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த வருஷம் அது. சாதாரணமாகச் செத்தவர்களையும் ஒழுங்காக விசாரிக்க அப்பாவுக்கு நேரம் கிடைத்திருந்தது.

அப்பாவின் கையெழுத்து மகா மோசம். வாசிக்க ஏலாது என்று நீதிமன்றத்திலிருந்து இரண்டு தரம் அறிக்கை திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்கிற கேள்வியையும் சாட்சி சொல்கிற பதிலையும் பக்கத்தில் இருந்து எழுதுவது சின்னம்மாவின் வேலையாயிற்று. சின்னம்மா அம்மாவின் தங்கை. இருபத்தாறு வயது, கலியாணமாகாமல் எங்களோடு இருந்தவர். அவருடைய எழுத்து அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். ஊரில் ஆற்றோடு போனவர்கள் எல்லாரும் என் சின்னம்மாவின் அழகான கையெழுத்தில்தான் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை அம்மா விடியவே புறப்பட்டு டவுனிலுள்ள லிங்கநகருக்குப் போயிருந்தார். அங்கே அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கிற ஒருவருக்குச் சின்னம்மாவைக் கேட்டிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது, நாள் குறிப்பதுதான் பாக்கி. சின்னம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் விறாந்தைப் படியில் இருந்தேன். படலையில் மணி கேட்டது.

"தோணிக்காரப் பெடியன் ஐயா. ஆத்துவாயில, கண்ணாமரப் பத்தைக்குள்ள கிடக்கிறான்" என்றார் பொலிஸ்காரர்.

துருவுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது. தொடங்கியது நிற்கவேயில்லை. நான் எட்டிப் பார்த்தபோது தேங்காய் எப்போதோ முடிந்துபோய், சின்னம்மா வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தார். "சின்னம்மா, சிரட்டைச் சம்பலோ?" என்று பகிடி விட்டேன். அவர் எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவினார். "தாளும் பேனையும் எடு பிள்ளை, போவம்" என்று அப்பா கூப்பிட, எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் வேறு ஆளில்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

தோணியண்ணன் எங்கள் கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். அவருடைய வீடு அக்கரையில். எங்கள் ஆட்கள் அவருடைய தோணியில் ஏறுவார்கள், வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அப்படியான ஊர்தான் எங்களுடையது. எனக்கு அவரில் நல்ல பட்சம். சும்மா இருந்தால் என்னை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். செத்தது அவர் என்றதும் எனக்கு அழுகை வந்தது. சின்னம்மா அழாததைப் பார்த்து நானும் அடக்கிக்கொண்டேன்.

அக்கரையில் வாகைமரத்துக்குக் கீழே பள்ளிக்கூடத்து மேசையைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் பாயில் அவரைக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. அப்பா துணியை நீக்கிப் பார்த்தார். வலது காலில் வலை சுற்றியிருந்தது. பிறகு வந்து உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. தோணியண்ணனின் அக்கா புருஷன் வந்து, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"மூண்டு நாளா ஆள் ஒழுங்காச் சாப்பிடேல்லை ஐயா. ஒருத்தரோடயும் கதையில்லை. எதையோ மனசில வச்சிருந்தவன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்பிடியெண்டா நான் ஒரு முடிவு சொல்ல ஏலாது. டவுன் ஆசுப்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும்."

அதன் அர்த்தம் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அங்கே வெட்டிப் பார்ப்பார்கள். சனி ஞாயிறு கழிந்துதான் உடம்பு திரும்பி வரும். அதற்கிடையில் அவன் தானாகவே ஆற்றில் விழுந்து செத்தவன் என்ற கதை அந்த வீட்டுக் கூரையில் ஏறி உட்கார்ந்துவிடும். தோணியண்ணனின் தாய் பாயடியில் இருந்தபடியே அப்பாவைக் கும்பிட்டார்.

"என்ர பிள்ளையை வெட்டவேண்டாம் ஐயா. அவன் தானாப் போகேல்லை."

"எனக்குத் தெரியவேணுமே அம்மா. கடைசியா அவனை உயிரோட கண்ட ஒராள் வந்து சொன்னா நான் எழுதுவன்" என்ற அப்பா, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "கடைசியாகக் கண்டது ஆர்?"

சின்னம்மா குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டேயிருந்தார்.

எனக்குத் தெரியும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தின்ற பொன்னாங்காணிக்கு அளவில்லை. கிழமையில் மூன்று நாள் பின்னேரத்தில் சின்னம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் கீரை பிடுங்கப் போவார். கட்டியிருக்கிற தோணியில் நான் ஏறி இருந்து ஆடுவேன். கரையில் அவர்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். திரும்பி வரும்போது, "அம்மாட்டச் சொல்லாத, என்ன?" என்பார் சின்னம்மா. நான் ஒருநாளும் சொன்னதில்லை. முதல் நாள் பின்னேரமும் போயிருந்தோம். ஆனால் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சின்னம்மா ஒருபோதும் சொல்லவில்லையே. அம்மாவோ லிங்கநகரில். கேட்கப்பட்டிருப்பதோ எனக்கு விடை தெரிந்த கேள்வி.

நான் கையைத் தூக்கினேன். "சின்னம்மாவும் நானும் கண்டனாங்கள், அப்பா. நேற்றுப் பொழுதுபடேக்க."

கெட்டிக்காரி என்று அப்பா சொல்லப்போகிறார் என நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. சின்னம்மாவைப் பார்த்து, "உண்மையோ?" என்று கேட்டார்.

பிள்ளை உளறுகிறாள் என்று சின்னம்மா ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்னை ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள், லிங்கநகரும் கைவிட்டுப் போயிராது. அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். "ஓம் அத்தான்" என்றார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாட்சிகள் நிற்கிற பக்கத்தில் நின்றார்.

தன் சாட்சியத்தைத் தானே எழுத முடியாது. ஆகவே அப்பாதான் பேனையை எடுத்தார். பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. பிள்ளை, நீ, வா, போ என்று கூப்பிட்டுப் பழகியவர் அன்றைக்கு அவரை நீங்கள் என்றார். எல்லாச் சாட்சியிடமும் கேட்கிற கேள்வி ஒன்று அடுத்ததாக இருந்தது. அதையும் விடாமல் கேட்டார்.

"இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை?"

சின்னம்மா பாயைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். பாயடியில் இருந்த தாய் எழும்பி வந்து சின்னம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் அதுவரை ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது எனக்கே விளங்கியது. பிறகு சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்.

"என்ர மருமகள் எண்டு எழுதுங்கோ ஐயா."

அப்பா கொஞ்சம் தாமதித்தார். பிறகு எழுதினார். கலியாணமே நடக்கவில்லையே, அப்பா பிழையாக எழுதுகிறாரே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. ஆனால் இரண்டாம் தரம் கையைத் தூக்கத் துணிவு வரவில்லை.

சின்னம்மா அழாமல் சொன்னார். லிங்கநகர்க் கதை காதில் விழுந்ததிலிருந்துதான் தோணியண்ணன் சாப்பிடவில்லையாம். நேற்றுப் பின்னேரம் ஒரு முடிவோடு வந்தாராம். "ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உங்களிட்ட நேரே கேக்கிறதெண்டு சொன்னவர், அத்தான். பயமில்லையோ எண்டு கேட்டனான். சிரிச்சவர். ஆத்துவாயில போட்ட வலையை இழுக்கப்போறன், கொடுவா பட்டா முதல் மீன் உன்ர அத்தானுக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்." மலைநாட்டில் மழை பெய்து ஆறு இழுத்துக்கொண்டிருந்ததை, வேண்டாம் என்று தான் சொன்னதை, அவர் கேட்காததை, எல்லாம் சொன்னார். தாய் அந்தக் கையை விடவேயில்லை.

வலையில் கால் சிக்கி நீரில் மூழ்கியதால் ஏற்பட்ட மரணம், விபத்து என்று அப்பா எழுதிக் கையெழுத்திட்டார். உடம்பை வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்கள். ஆண்கள் பாயோடு தூக்கிக்கொண்டு நடக்க, தாய் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு பின்னால் போனார். நான் ஓடிப்போய்ச் சின்னம்மாவின் சட்டையைப் பிடித்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம், எனக்குத் தலை பின்ன ஆள் வேண்டும். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டுவந்து வள்ளத்தில் ஏற்றினார். நான் இக்கரை வந்துசேரும்வரை கத்தினேன்.

அம்மா பின்னேர பஸ்ஸில் நாளும் குறித்துக்கொண்டு சந்தோஷமாக வந்திறங்கினார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. "அந்தப் பெட்டையின்ர வாழ்க்கையைத் தாளில எழுதி முடிச்சுப்போட்டியள்" என்று அப்பாவைப் பார்த்து ஒரு மாதம் சொன்னார். லிங்கநகரிலிருந்து ஒற்றை வரியில் கடிதம் வந்தது. என்னை ஒருவரும் அடிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அறிக்கை அப்பாவின் கையெழுத்தில் போயும் திரும்பி வரவில்லை.

சின்னம்மா பிறகு கலியாணம் செய்யவில்லை. கடைசிக் காலத்தில் அன்புவழிபுரத்தில் என்னோடுதான் இருந்தார், முந்தின வருஷம் நோயில் போனார். இப்போது ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் எனக்குச் சின்னம்மா வேண்டும் போல இருக்கும். அக்கரையில் அவர் இருந்த அந்த ஒரு மாதத்தைப் பற்றி அவரிடம் கேட்காமல் விட்டேனே என்று மனம் அடித்துக்கொள்ளும்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடியும்வரை சின்னம்மா அக்கரையில்தான் இருந்தார். எங்கள் கரைக்கு நேரே அந்த வீடு. ஆறு அந்த இடத்தில் ஒடுக்கம், உரத்துக் கூப்பிட்டால் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கரைக்கு ஓடுவேன். தோணியண்ணனின் தாயும் சின்னம்மாவும் வெள்ளைச் சீலையோடு தண்ணீரடியில் இருப்பார்கள். சின்னம்மா அந்த மனிசியின் தோளில் சாய்ந்து, வீட்டில் ஒருநாளும் அழாத மாதிரி அழுதுகொண்டிருப்பார். நான் கையைக் காட்டுவேன். பார்க்கமாட்டார். நான் காட்டிக்கொடுத்ததால்தான் சின்னம்மா என்னோடு கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினேன்.

"சின்னம்மா, நான் இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். வீட்டை வாங்கோ."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பினேன்.