சுரங்கத்துக்கு மேலே ஒரு கதவு எண்

வடலூர் பேருந்து நிலையத்தில் கிளம்பி நெய்வேலி மெயின் பஜாருக்கு வந்து சேர்வதற்குள் செய்தி பல நாடுகளைச் சுற்றிவிட்டிருந்தது. வடலூரில் அவள் ஜப்பான்காரி. ஆர்ச் கேட்டில் கொரியாக்காரி. பஜார் டீக்கடையில் சங்கரலிங்கம் அவளைச் சீனாவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சுரங்கத்த அளந்துகிட்டு இருக்கா. கூடவே ஒரு போலீஸ்காரன், ஒரு கிழவன். கிழவன் கைய நீட்டி இடம் காட்டுதான், போட்டோ புடிக்காவ. நம்ம ஆளுவளே காட்டிக் குடுத்தா என்ன செய்ய?"

"நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பாக்கணும்? பார்த்தவன் சொன்னான்."

சங்கரலிங்கம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் குழியைப் பார்த்துச் சலித்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகுதான் அதன் ராணுவ முக்கியத்துவம் பிடிபட்டிருக்கிறது.

பார்த்தவனைத் தேடிப்போனால் அவனும் கேட்டவனாகவே இருந்தான். இரண்டு பேரைத் தாண்டியதும் ஒரு விலாசம் மட்டும் கிடைத்தது. மந்தாரக்குப்பம் தாண்டி, ஓடு பாதி ஷீட்டு பாதியாக ஒரு சின்ன வீடு. கதவைத் தட்டியதும் சீன உளவாளியே திறந்தாள்.

"அவரு ஷிப்ட்டுக்குப் போயிக்கிறாருங்க. மாமா வூட்லதான் இருக்குறாரு. குந்துங்க, தண்ணி கொண்டாறேன்."

டவுன்ஷிப்பில் வளரும் பிள்ளைகளின் தமிழில்கூட இவ்வளவு கம்மாபுரத்து மண்வாசனை கிடையாது. மாமியார் ஆதிலட்சுமியிடம் கற்ற தமிழ்.

வதந்தியில் போலீஸ்காரர் உண்மை. கிழவர் உண்மை. போட்டோவும் உண்மை, எடுத்தவர் போலீஸ்காரர். கதவைத் திறந்த மரிசெல் சீனாக்காரி அல்ல, பிலிப்பைன்ஸ்காரி. அன்றைக்கு அளந்தது சுரங்கத்தை அல்ல, ஒரு வீட்டை. அந்த வீடுதான் அங்கே இல்லை.

அவள் புருஷன் இனியன் வெல்டர். கம்மாபுரம் பக்கம் வெண்ணியூரில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் கொஞ்ச காலம் பற்றவைத்தான். பிறகு கத்தாருக்குப் போனான். அங்கே தொழிலாளர் முகாம் கேன்டீனில் மரிசெல் பரிமாறிக்கொண்டிருந்தாள். காதல் கதையைக் கேட்டால் இனியன் ஒரே வரியில் முடித்துவிடுகிறான்.

"ரெண்டு பேருக்குமே சோறு இல்லன்னா சாப்ட்டா மாரியே இருக்காதுங்க. அவ்ளோதான்."

ஊருக்குத் திரும்பிச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டார்கள். கத்தார் காசில் இந்த வீட்டை அப்பா பேரில் கட்டினார்கள். மகள் அபி பிறந்தாள். இனியன் மறுபடியும் அதே அனல்மின் நிலையத்தில், அதே கான்ட்ராக்டில், கொஞ்சம் நரைத்த மீசையோடு பற்றவைக்கிறான்.

வெளிநாட்டுப் பெண்டாட்டியை இந்தியாவில் வைத்துக் குடித்தனம் நடத்துவது என்பது விசாவை நீட்டிக்கொண்டே இருக்கும் வேலை. அதற்கு ஒரு முடிவு உண்டு. கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டால் ஓ.சி.ஐ. என்ற அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது வந்தால் ஆயுளுக்கும் விசா கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டாம். இனியன் விண்ணப்பித்தான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் இருக்கிறார்களா என்று பார்த்துவரச் சொல்லி, காவலர் தெய்வசிகாமணியின் கையில் காகிதம் வந்தது. காகிதத்தில் இனியனின் ஆதார் விலாசம் இருந்தது. வெண்ணியூர், பழைய கதவு எண்.

வெண்ணியூர் திறந்தவெளிச் சுரங்கத்துக்குள் போய் வருஷக்கணக்காகிறது. தெய்வசிகாமணிக்கும் அது தெரியும். ஆனாலும் குடும்பத்தையே கூப்பிட்டுக்கொண்டு சுரங்க விளிம்புக்குப் போனார்.

"குடுத்த வெலாசத்துக்கு நேர்ல போய்ப் பாக்கணும். அதான் ரூலு. எது உங்க வூடு?"

இனியனின் அப்பா சாமிக்கண்ணு கையை நீட்டினார். "அதோ கரி அள்ளிக்கினு பெல்ட்டு ஓடிக்கினு இருக்குது பாருங்க, அதுக்கு நேரா மேல."

"மேலன்னா?"

"மேலதாங்க. தரை அந்த ஒசரத்துல இருந்துச்சு."

தெய்வசிகாமணி காற்றை உற்றுப் பார்த்தார். "வாசல் எந்தப் பக்கம்?"

"கெழக்க."

அதையும் எழுதிக்கொண்டார். சாமிக்கண்ணு ஆகாயத்தைச் சுட்டிக்காட்ட, பக்கத்தில் மரிசெல் நிற்க, ஒரு போட்டோவும் எடுத்தார். யாரோ பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். மிச்சம் வடலூரில் நடந்தது.

அவர் எழுதிய அறிக்கையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. 'மேற்படி விலாசத்தில் வீடு இருந்த இடம் தற்போது பழுப்பு நிலக்கரிச் சுரங்கமாக உள்ளது. தம்பதியர் அங்கு வசிக்கவில்லை.' இப்படியே மேலே போனால் மரிசெல்லின் விண்ணப்பம் அதோடு சரி. விசாவும் முடியப்போகிறது. நல்ல மனிதர், அனுப்புவதற்கு முன்னால் இனியனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"தம்பி, ஆதார இப்ப இருக்குற வூட்டுக்கு மாத்து. வூடு உங்கப்பா பேர்ல இருக்குது, எம் புள்ள, மருமவ எங்கூடத்தான் இருக்காங்கன்னு அவரு கையெழுத்துப் போட்டா போதும். நான் புதுசா எழுதிக்கிறேன். ரொம்ப நாளு வச்சுக்கினு இருக்க முடியாது. அந்தப் பொண்ணு பிளேன் ஏற வேண்டியதா ஆயிடும்."

சாமிக்கண்ணு மாட்டேன் என்றார்.

பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. வெண்ணியூரில் நிலம் கொடுத்துப் பணமும் வேலையும் வாங்கியவர்களிடம் கொடுக்க நிலம் இருந்தது. சாமிக்கண்ணு கூலிக்காரர். அவர் வீடு நின்றதே இன்னொருவர் மனையில். மனைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு வடலூரில் மாடி கட்டிவிட்டார். நாங்களும் வீட்டை இழந்தவர்கள்தான், என் பிள்ளைக்கு ஒரு பெர்மனென்ட் வேலை கொடுங்கள் என்று சாமிக்கண்ணு சுரங்க நிர்வாகத்துக்கு மனு போட்டிருக்கிறார். அங்கே அவருக்கு வீடு இருந்ததற்குச் சாட்சி வீட்டாரின் ஆதார் அட்டைகளில் உள்ள அந்தக் கதவு எண் மட்டும்தான். பெயரை மாற்று, தேதியை மாற்று, கதவு எண்ணை மட்டும் மாற்றாதே என்பது அந்தப் பக்கத்து ஜனங்களிடம் கிட்டத்தட்ட ஒரு விரதம். ஊர் போனாலும் விலாசம் போகக்கூடாது.

"கையெழுத்துப் போட்டா, அங்க நம்மளுக்கு ஒண்ணும் இல்லன்னு நாமளே எழுதிக் குடுத்த மாரி ஆயிடும்டா."

"அப்ப இவள ஊருக்கு அனுப்பிடலாமா?"

"அப்புடி யாருடா சொன்னது? கொஞ்சம் பொறுன்னுதான் சொல்றேன்."

ஆதிலட்சுமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "இல்லாத வூட்டுக்குக் காவல் காத்துக்கினு, இருக்குற வூட்டுல இருக்குறவள வெளிய அனுப்பப் போறாரு உங்கப்பா. அபிய யாரு பாத்துக்குவா? அந்தக் கதவு நம்பரா?"

மரிசெல் மாமனாருக்குச் சோறு போட்டாள். "சாப்புடுங்க மாமா. நா போனாலும் போன் பண்றேன்." அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். சாமிக்கண்ணு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாளும் அதே பேச்சு. சலித்துப்போன இனியன், நிலைமை எவ்வளவு மோசம் என்று புரியவைக்க, போலீஸ்காரர் எழுதியிருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தான். சாமிக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னான்.

"'வீடு இருந்த இடம்'னா எழுதிக்கிறாரு?"

"ஆமா."

"ஸ்டேஷன் சீலு போடுவாங்களா?"

"போடுவாங்க. அதனாலதான் பயமா இருக்குதுன்றேன்."

சாமிக்கண்ணு சட்டையைத் தேடினார். இத்தனை வருஷ மனுவில் அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்த ஒற்றை வரியை, கேட்காமலே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

"அந்தத் தாளுல ஒரு காப்பி குடுங்க. கையெழுத்துப் போடறேன்."

"அது ரகசிய ரிப்போர்ட்டு பெரியவரே. குடுக்கக் கூடாது."

"ரகசியம் என்னாங்க இருக்குது? நான் சொல்லித்தானே நீங்க எழுதுனீங்க?"

 தெய்வசிகாமணி மண்டையைச் சொறிந்தார். "மொதல்ல நீங்க போடுங்க. காப்பிக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"வாக்கா?"

"ஏற்பாடு பண்றேன்னு சொல்லிட்டேன்ல."

வீட்டுக்கு வந்து சாமிக்கண்ணு கையெழுத்துப் போட்டார். ஆதாரில் மந்தாரக்குப்பம் ஏறியது. தெய்வசிகாமணி இந்த முறை சுவர், கூரை, தரை எல்லாம் உள்ள வீட்டுக்கு வந்து புது அறிக்கை எழுதினார். பல மாதம் இழுத்து மரிசெல்லுக்கு அட்டை வந்தது. ஆதிலட்சுமி அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மரிசெல்லின் மாதா படமும் அங்கேதான் இருக்கிறது.

சங்கரலிங்கத்திடம் முழு விவரமும் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். "பிலிப்பைன்ஸ் சீனாவுக்குப் பக்கம்தானே?" என்றார்.

பழைய அறிக்கை மேலே போகவேயில்லை. போகாத அறிக்கைக்கு நகல் எப்படி எடுப்பது, அது கிழிந்ததா, ஏதாவது கட்டுக்குள் கிடக்கிறதா என்று தெய்வசிகாமணி சொல்ல மாட்டேன் என்கிறார். அவரைச் சேத்தியாத்தோப்புக்கு மாற்றிவிட்டார்கள். சாமிக்கண்ணு அங்கேயும் பஸ் ஏறிப் போனார்.

"ஐயா, மருமவளுக்குத்தான் கார்டு வந்துட்டுதே. அப்புறம் இன்னா?"

"அது அவளுக்கு வந்துச்சு. நீங்க எனக்குத் தரவேண்டியது வரலியே."

"தேடிக்கினு இருக்கேன்."

தெய்வசிகாமணி ஒரு டீ வாங்கித் தந்து, அவரை வடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தரவேண்டிய கணக்கில் டீ சேராது என்று சாமிக்கண்ணு ஜன்னல் வழியாகச் சொன்னார்.