அக்காவைத் தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவுடன் பிறந்த ஒரே தம்பியாகிய நான் வணக்கம் சொல்லி இதைத் தொடங்குகிறேன்.

மலருக்கு என்ன எழுதலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அன்பு, பொறுமை, விருந்தோம்பல் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் அக்காவின் தைரியத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். சித்தப்பா சிரித்துவிட்டார். "ஏலே, ஊசிய எடுத்தாலே கண்ண இறுக்கி மூடிக்கிடுவா. அவளுக்கு என்னலே தைரியம்?" என்றார். ஊசி விஷயத்தில் சித்தப்பா சொன்னது உண்மைதான். அக்கா பல்லிக்கும் பயப்படுவார்.

எங்கள் பக்கத்தில் வீரம், தைரியம் என்பதெல்லாம் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் அனுப்பிய வீடுகளின் சொத்து. ஒருவன் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் 'வீரத்திருமகனே வருக' என்று பிளக்ஸ் கட்டிவிடுவார்கள். பட்டாளத்தில் இருந்த எனக்கும் கட்டினார்கள். ராணுவ ஸ்டோரில் கம்பளி அடுக்கிக்கொண்டிருந்த வருடத்தில்கூட என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு புலி நின்றது. பெண்களுக்கு அந்தச் சொல் திட்டாகத்தான் கிடைக்கும், "ஒனக்கு எம்புட்டு தைரியம்" என்று. இல்லையென்றால் துக்க வீட்டில் "தைரியமா இருத்தா" என்று கிடைக்கும். அக்காவுக்கு இரண்டும் நிறையவே கிடைத்தன.

அக்கா பிறந்தது வன்னியம்பட்டியில். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு எட்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு என்னையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டார். அத்தானைக் கல்யாணம் செய்து ராஜபாளையம் போனபோது என்னையும் கூடவே அழைத்துப் போனார். அத்தான் ஒரு லோடு வேன் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி தயாரிக்கும் இடங்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்குவது தொழில். ராணுவத்தில் சேர நான் ஓடிப் பழகிய நாட்களில் விடியும் முன்பே அக்கா சைக்கிளில் என் பின்னால் வருவார். "செத்த வேகமா ஓடுலே. நீ போற போக்குக்கு சைக்கிள் நிக்க மாட்டாம சாயுது" என்பார். அப்படி ஓடித்தான் தேர்வானேன்.

அத்தான் மாரடைப்பில் போனபோது பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வேனை விற்றுவிடச் சொன்னார்கள் பெரியவர்கள். அக்கா கேட்கவில்லை. அத்தான் காலத்திலிருந்தே டிரைவராக இருந்த மாரியப்பன் அண்ணனை வைத்துக்கொண்டு, தானே போய் லோடு பேசி, தொழிலை நடத்தினார். திட்டு இன்னும் கொஞ்சம் கூடியது.

இனி நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன்.

லீவில் வந்திருந்த ஒரு நாள் மதியம் மாரியப்பன் அண்ணனோடு வேனில் கிருஷ்ணன்கோவில் போயிருந்தேன். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவரிடம் சாவியைக் கேட்டு வாங்கி நான் ஓட்டினேன். முன்னால் போன ஒரு காலேஜ் பஸ்ஸை முந்தப்போய், எதிரே மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்த ஒருவரை இடித்துவிட்டேன். அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு மாரியப்பன் அண்ணன் என்னைத் தனியாக இழுத்தார். "தம்பி, நீங்க பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருங்க. ஒங்க வேலைக்கு ஆபத்து. நான் ஓட்டுனேன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார்.

நான் போய்விட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனாலும் போகத்தான் செய்தேன்.

நான் அக்கா வீடு சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்துவிட்டார்கள். வண்டி உள்ள வீட்டில் யார் இடித்தாலும் டிரைவர்தான் ஸ்டேஷனுக்குப் போவார் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத வழக்கம். அதில் யாரும் தப்பு பார்த்ததில்லை. அக்கா அவர்களுக்குக் காபி கொண்டு வந்தார். என்னிடம்தான் கேட்டார்.

"வண்டிய ஓட்டுனது யாரு?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சுத்தா" என்றார் சித்தப்பா. "மாரியப்பன் ஸ்டேஷன்ல போய் உக்காந்துட்டான். இவன் யூனிபார்ம் போட்டவன், கேஸ்னு வந்தா வேலையே போயிரும். டிரைவருக்கு என்ன, லைசென்ஸ கொஞ்ச நாள் வாங்கி வைப்பாங்க."

"லைசென்ஸ் போச்சுன்னா அவிய பொறவு என்ன வேலைக்குப் போவாக? அவிய சம்சாரம் வந்து கேட்டா நான் என்ன சொல்ல, சித்தப்பா?"

"கூடப்பொறந்தவனக் கொண்டு போய் ஸ்டேஷன்ல நிறுத்துவியாட்டி? ஒனக்கு அம்புட்டு தைரியமா?"

அக்கா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "தைரியமெல்லாம் இல்ல சித்தப்பா, பயமாத்தான் இருக்கு. இவனுக்கு இந்த வேலை எப்படிக் கெடச்சதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஓட்டுனவன் வீட்ல இருக்கான், ஓட்டாதவுக ஸ்டேஷன்ல இருக்காக." பிறகு என் பக்கம் திரும்பி, "சட்டைய மாத்திட்டுக் கெளம்பு" என்றார்.

"வரலைன்னா?" என்று கேட்டேன். அப்படியும் கேட்டேன்.

"நான் போய்ச் சொல்லுவேன். நீயா சொன்னா ஒனக்கு மரியாதை."

அதுவரை அக்கா எந்த ஸ்டேஷன் படியையும் மிதித்ததில்லை. எனக்கு முன்னால் அவர்தான் உள்ளே போனார். பெஞ்சில் இருந்த மாரியப்பன் அண்ணன் பதறி எழுந்து, "எதுக்கு தாயி இங்கிட்டு வந்திய?" என்றார். "ஒங்களக் கூட்டிட்டுப் போக வந்தேன்ணே" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

வழக்கு நடந்தது. தண்டனை கிடைத்தது. பதவி உயர்வு சில ஆண்டுகள் தள்ளிப்போனதே தவிர வேலை போகவில்லை. ஆனால் அன்று அது அக்காவுக்குத் தெரியாது; போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் என்னைக் கூட்டிப் போனார். சொந்தங்கள் சில காலம் விசேஷங்களுக்கு அக்காவை அழைக்காமல் விட்டார்கள். நானும் அடுத்த இரண்டு லீவுக்கு அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அக்கா மட்டும் கால் முறிந்தவர் ஊன்றி நடக்கும்வரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்து வந்தார். மூன்றாவது லீவில் நான் வாசலில் வந்து நின்றதும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ? கை கழுவிட்டு வா" என்றார். இலையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

இதற்குள் ஊரில் கதை வேறாகிவிட்டது. டிரைவர் செய்த தப்பைப் பட்டாளத்துக்காரத் தம்பி தன் தலையில் போட்டுக்கொண்டாராம், என்ன பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். குடும்ப மானத்துக்காக யாரோ கட்டிவிட்டது. நான் அதை மறுக்கவில்லை. அக்காதான் கல்யாணப் பந்தியில், பஸ்ஸில், எங்கே காதில் விழுந்தாலும், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "இல்லீங்க, ஓட்டுனது எந்தம்பிதான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஓய்வு பெற்று வந்தபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் ஒருவர் மைக்கில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து அதையே சொன்னார். பேச்சாளர், "பாருங்கள், அக்காவுக்கு எவ்வளவு தன்னடக்கம்" என்று சொல்லி இன்னொரு கைதட்டல் வாங்கினார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் பழுதாகி வாரம் இருமுறை டயாலிசிஸ். ஒவ்வொரு ஊசிக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், ஒரு முறைகூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, ஒரு காலையில் அமைதியாகப் போனார். என் அக்கா என்று சொல்லிக்கொள்வதைவிடப் பெரிய பெருமை எனக்கு வேறு இல்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி. ராஜபாளையம் வந்த புதிதில் அக்காவுக்குத் தெலுங்கும் தங்கள் வீட்டுச் சமையலும் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டம்மாவுக்கும், கடைசி நாட்களில் கஞ்சி கொடுத்தனுப்பிய முக்குக்கடை பாய் குடும்பத்துக்கும் நன்றி. இந்தக் கட்டுரையை முன்கூட்டியே படித்துவிட்டு, "நான் பேசுனத அப்படியே போட்டுட்ட. சரி, இருக்கட்டும்லே" என்ற சித்தப்பாவுக்கும் நன்றி.

டயாலிசிஸுக்கு ஒவ்வொரு முறையும் அக்காவை அழைத்துப் போய் வந்தவர் மாரியப்பன் அண்ணன். இன்று அவர் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்காரும் யாராவது வழக்கம்போல, "ஒங்களுக்காகத் தம்பி பழிய ஏத்துக்கிட்டாராமே" என்று கேட்கலாம். இத்தனை வருடம் அவர் அதற்குச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மறுத்துச் சொல்ல அக்கா இருந்தார். இனி யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.