வாப்பா கொண்டுவந்த வாளை

மகன் வயிற்றில் இருந்தபோது எனக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை, வாளை மீன் ஆணத்தின் நினைப்பைத் தவிர. கடல் வாளையல்ல; செதிலில்லாமல், நீண்ட மீசையோடு வளரும் ஆற்று வாளை. எலுவன்குளத்தில், உம்மா இல்லாத எங்கள் வீட்டில், வாப்பாதான் மிளகும் புளியும் தூக்கலாகப் போட்டு அந்தக் குழம்பை ஆக்குவார்.

பாலாவியில் கணவர் வீட்டிலிருந்து ஒருநாள் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வாப்பா கலா ஓயா ஆற்றில் தூண்டில் போட்டார். மாதங்கள் போயின. ஒன்றும் படவில்லை.

மகன் பிறந்து இருபதாம் நாள், ஈரச் சாக்கில் சுற்றிய வாளையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மீன் மகனைவிட நீளம். பிள்ளையை ஒரு தரம் முகர்ந்துவிட்டு, திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

கணவரின் உம்மாவான மாமி சாக்கை அவிழ்த்தார்.

"செதில் இல்லாத மீன். நாப்பது நாள் முடியாம தாய் திண்டா, பால் குடிக்கிற புள்ளைக்குக் கிரந்தி எழும்பும், மேலெல்லாம் பொரியும். பொறகு உன்ட இஷ்டம்."

மருத்துவமாதுவிடம் கேட்டேன். தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். இணையத்திலும் தேடினேன். பிறகு மகனின் கன்னத்தைப் பார்த்தேன். பருப்பும் சோறும் போதும் என்று மாமியிடம் சொன்னேன். மீனின் வயிற்றில் இரண்டு பை நிறைய முட்டை இருந்ததாம். எல்லோரும் சாப்பிட்டார்கள். அறைக் கதவைச் சாத்தியும் வாசம் உள்ளே வந்தது.

பின்னேரம் வாப்பா தொலைபேசியில் கேட்டபோது, சாப்பிட்டேன், நல்லா இருந்தது என்றேன். அடுத்த கிழமை மகனுக்கு எப்படியோ கிரந்தி எழும்பியது. வாசம் பிடித்ததாலா என்றுகூட யோசித்தேன்.

மகனுக்கு இப்போது இரண்டு வயது. பாலும் மறந்துவிட்டான். வாப்பாவுக்கு அதற்குப் பிறகு வாளையே படவில்லை. இந்த மீன் இலங்கையில் அருகி வருவதாக அண்மையில் வாசித்தேன். அந்த முட்டைப் பைகள் கண்ணுக்குள் வந்தன. நேற்று வாப்பாவை அழைத்து, இனித் தூண்டில் போடவேண்டாம், அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்றேன்.

"தெரியும் மகள்."

"எப்பிடி?"

"திண்டிருந்தா உப்புக் குறைவு, புளி கூட எண்டு ஒரு குறை சொல்லியிருப்பாய். அதுதான் திரும்பவும் போட்டுக்கொண்டு இருந்தன்."

இனிப் போடமாட்டேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். அவரை நிறுத்தச் சொன்னது சரிதான். ஆனாலும் இன்று மத்தியானம் மகனுக்குச் சோறு ஊட்டும்போது, பாலாவிச் சந்தியில் எலுவன்குளம் பஸ்ஸின் சத்தம் கேட்டு, வாசலை எட்டிப் பார்த்தேன்.