நியூட்ரல் மாஸ்டரின் உபதேசம்

உபதேசம் என்ற சொல்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதை எப்போதும் அடுத்தவர்தான் செய்வார். நாம் செய்வது, நாலு நல்ல வார்த்தை சொல்வது. இந்த வித்தியாசத்தை வெகுகாலம் நம்பிப் பிழைத்தவர் நியூட்ரல் மாஸ்டர்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்க வந்தவர் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியதும், "அவசரம் யாருக்கு? நமக்கா, வண்டிக்கா?" என்று ஆரம்பிப்பார். கோபம், பொறாமை, முந்திப் போகிறவனின் வளர்ப்பு என்று பல ஊர் சுற்றி, "கியரைத் தொடறதுக்கு முன்னாடி மனசை நியூட்ரலுக்குக் கொண்டு வரணும்" என்று வந்து சேர்வார். அதற்குள் பெரும்பாலும் பாட நேரம் முடிந்திருக்கும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பட்டப்பெயர் அப்படி வந்தது. பெல்ட் போட்டவரால் எழுந்து ஓட முடியாது என்பதும் தன் பேச்சின் வெற்றிக்கு ஒரு காரணமோ என்று அவருக்கே அவ்வப்போது தோன்றும். தோன்றியதும் அதைப் பற்றியும் கொஞ்சம் பேசுவார்.

வீட்டில் அவர் தொண்டையைச் செருமினால் மனைவி மிக்ஸியை ஓடவிடுவாள். உள்ளே ஒன்றும் இருக்காது. பேச்சிலும் அப்படித்தான் என்பது மகளின் அபிப்பிராயம்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊருக்கு வெளியே திறக்கிற புதுக் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னார்கள். பஸ் போகாத இடம். விடிந்ததும் போய்த் திறக்க வேண்டும். லைசென்ஸ் எடுத்தால் பதவி அவளுக்கு. எடுக்காவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரிக்கு. வீட்டிலேயே ஒரு மாஸ்டர் இருக்கும்போது வெளியே போவானேன் என்று புருஷனிடமே கற்றாள். இதில் அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

டெஸ்ட் அன்று அதிகாரி பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "எடுங்கம்மா" என்றார். அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். மூச்சை இழுத்துவிட்டாள். கண்ணை மூடினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"மனசை நியூட்ரலுக்குக் கொண்டு வரேன் சார்."

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

வேலிக்கு வெளியே நின்ற மாஸ்டருக்கு, தன் சொல்லை வரி பிசகாமல் கேட்ட ஒரு ஜீவன் உலகத்தில் உண்டே என்று நெஞ்சு நிறைந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். நிறைந்ததெல்லாம் வடிந்தது.

வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தாள்.

"இன்னொரு தடவைதான் இருக்கு. அதுலயும் போச்சுன்னா வேலை பக்கத்து நாற்காலிக்காரிக்குத்தான். நான் எதிர்க் கடைக்குப் போறேன்."

எதிர்க் கடை என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த டிரைவிங் ஸ்கூல். நடத்துகிறவள் அவருடைய பழைய மாணவி.

"அவளா? அவ கத்துக்கிட்டதே என்கிட்டதானே!"

"அதனாலதான். எதைச் சொல்லக் கூடாதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்."

மறுநாள் ஜன்னலோரம் நின்று வேவு பார்த்தார். "கிளட்ச்" என்றாள் பழைய மாணவி. "கியர்" என்றாள். "மெதுவா விட்டுட்டுப் போங்கக்கா" என்றாள். வண்டி போயே விட்டது! பாடம் முடிந்து மனைவி வீட்டுக்குள் வந்ததும், இவர் பொறுக்கமாட்டாமல் தெருவைத் தாண்டினார்.

"ஏம்மா, பொறுமையைப் பத்தியெல்லாம் ஒண்ணும் சொல்லித் தர்றதில்லையா?"

"நீங்க சொன்னது அத்தனையும் சத்தியம் மாஸ்டர். ஆனா சிக்னல்ல பச்சை விழுந்ததும் முடிச்சிரணும். நீங்க அடுத்த சிவப்பு வரைக்கும் இழுப்பீங்க. பின்னாடி நின்னவன் எல்லாம் என்னையில்ல திட்டினான்!"

அவரிடம் பதில் இருந்தது. வாய் வரை வந்த அதன் நீளத்தைப் பார்த்து அவரே மிரண்டு, விழுங்கிவிட்டுத் திரும்பினார்.

இரண்டாவது டெஸ்ட்டில் அதிகாரி "எடுங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பாஸ்.

புதுக் கிளைக்குப் போகிற முதல் நாள், "துணைக்கு நானும் வரேன்" என்றார்.

"வாங்க. பின்சீட்டு. வாயைத் திறந்தா நடுவழியில இறக்கிவிட்டுருவேன்."

வாயை மூடிக்கொண்டார். கால்தான் கேட்கவில்லை. ஸ்கூல் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்தென்றால் அதை மிதிப்பார். இங்கே முன்சீட்டின் முதுகுதான் இருந்தது. வளைவுக்கு வளைவு அதை மிதித்தார்.

"காலை எடுங்க. முதுகைத் தள்ளுது."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதான் கால் சொல்லுதே."

சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி குறுக்கே பாய்ந்தது. அவள் பிரேக்கை மிதித்து, லாரியைப் போகவிட்டு, "தறுதலை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அவ்வளவுதான். அந்த லாரிக்காரனின் வளர்ப்பைப் பற்றி அவர் ஒரு முழுப் பாடமே எடுத்திருப்பார்.

கிளை வந்தது. இறங்கி ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே போய் விளக்கெல்லாம் போட்டாள். வாசலில் வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள், "மேடம் வந்துட்டாங்க" என்று வரிசை கட்டினார்கள். மாஸ்டர் நல்லதாக ஏதாவது சொல்ல நினைத்துச் செருமினார்.

"சாயங்காலம் சொல்லுங்க" என்றாள் அவள், கையுறையை மாட்டிக்கொண்டே.

"சரி, நான் எப்படி வீட்டுக்குப் போறது? இங்க பஸ் கிடையாதே?"

"வண்டி எனக்கு வேணும். நடங்க. பேசிக்கிட்டே போனா தூரம் தெரியாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

நடந்தார். சாலையில் ஓர் ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பொறுமையைப் பற்றித் தனக்குத்தானே ஆரம்பித்தார். முதல் திருப்பம் வருவதற்குள் அவருக்கே கொட்டாவி வந்துவிட்டது.