ஸ்ரீயை மறந்தவனுக்குக் கிடைத்த வேலை

அன்பர்களே, நங்கநல்லூர் ஆஞ்சநேயர் எனக்குக் கைகொடுத்த கதை இது. கைகொடுக்கும் முன் அதே கையால் ஓர் அறை விட்டார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றெட்டு, ஆடி மாசம். ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டில், என் சொந்த நேரத்தில், தமிழில் டைப் அடிக்க ஒரு ப்ரோகிராம் எழுதி, உள்ளே இருக்கும் நிரலோடு இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தேன். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியவர் யாருமில்லை. திட்டியவர்கள் உண்டு. "இதுகூட வரவில்லையே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டு எழுதுவார்கள். இருந்தது. உட்கார்ந்து சரிசெய்வேன்.

என்னைவிடப் பத்து வயது சின்னவரான முதலாளிக்கு விஷயம் போயிற்று.

"என்ன சார், சம்பளம் நான் குடுக்கறேன், ஊருக்கு அன்னதானம் நீங்க பண்றீங்களா? ப்ரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம்னு கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா திங்கட்கிழமை வர வேண்டாம்."

கையெழுத்துப் போட்டால் எழுத்து போச்சு. போடாவிட்டால் சோறு போச்சு. நாற்பத்தாறு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? சனிக்கிழமை ஆஞ்சநேயர் முன்னால் நின்று அழுதேன். வேலையும் வேண்டும், எழுத்தும் வேண்டும், ஆயிரத்தெட்டு ஸ்ரீராமஜெயம் எழுதி மாலை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடவில்லை. பத்து நிமிஷத்தில் வெளியே இருந்தேன்.

என் மனைவி கல்யாணி அழவில்லை. "ஊருக்கெல்லாம் எழுத்து குடுத்தாச்சு. நம்மாத்துத் தலையெழுத்தை யார் திருத்தறது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேண்டிண்டதையாவது ஒழுங்கா முடிங்கோ" என்றாள்.

ஆயிரத்தெட்டு தடவை கையால் எழுத எனக்கு உடம்பு வணங்கவில்லை. கம்ப்யூட்டர்காரன் புத்தி. ஒரு தடவை அடித்து, திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஆயிரத்தெட்டு ஆக்கி, ஃப்ளாப்பியில் போட்டு மயிலாப்பூரில் ரஹீம் பாயின் பிரஸ்ஸுக்குப் போனேன். அவரும் என் ப்ரோகிராமைத்தான் வைத்திருந்தார். எழுதியவன் நான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அச்சாகி வந்த ஒவ்வொரு வரியிலும் ஸ்ரீக்குப் பதில் ஒரு கட்டம். கையால் எழுதுகிறவன் ஒருமுறை தப்புப் பண்ணுவான். நான் ஆயிரத்தெட்டு முறையும் சிரத்தையாகத் தப்புப் பண்ணியிருந்தேன்.

"இத்த செஞ்ச ஆளு நீதானா சார்? உன்னத்தான் தேடிக்கினு கீறேன்" என்றார் பாய். "போன வாரம் ஸ்ரீனிவாசன்னு ஒரு பெரியவர் பூட்டாரு. காரியப் பத்திரிகைல பேருக்கு முன்னால கட்டம். அவர் புள்ள, 'அப்பாவும் போனாரு, ஸ்ரீயும் போச்சா?'ன்னு என் சட்டையப் புடிச்சிட்டான்!"

பார்த்தேன். தேவாரத்துக்கு வேண்டிய எழுத்தெல்லாம் வரைந்த நான், ஸ்ரீயைச் சேர்க்கவே மறந்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து சேர்த்தேன்.

"எவ்ளோ சார்?"

"ஃப்ரீ, பாய்."

"எழுத்து ஃப்ரீ, சரி. நீயுமா ஃப்ரீ? எழுத்த ஊருக்கே குடு, நான் கேக்கல. ஒடஞ்சா ஓடியாறதுக்கு ஒரு ஆளு வேணும். மாசாமாசம் அதுக்குத் தர்றேன்."

இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாத கணக்கு அது. பாய் சொல்லி தி.நகர், அடையாறு என்று ஆறு பிரஸ்கள் சேர்ந்தன. வேலையும் கிடைத்தது, எழுத்தும் என்னிடமே, அதாவது எல்லோரிடமுமே, இருந்தது. கேட்டதை ஆஞ்சநேயர் அப்படியே கொடுத்தார். எந்த வேலை என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆயிரத்தெட்டையும் கையாலேயே எழுதி மாலை சாத்தினேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள், அன்பர்களே. அடி விழுந்தால் பதில் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் பொறுப்பார்கள். காரியப் பத்திரிகைக்குத்தான் அவசரம், எனக்கு அழைப்பு வருவதும் அப்போதுதான். அதனால் தினமும் வேண்டும்போது, எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும் என்ற வரியைக் கொஞ்சம் மெதுவாக, ஆஞ்சநேயர் காதில் விழாதபடி சொல்லிக்கொள்கிறேன்.