மாரிக்குப்பம் ரயிலும் அரை மணி நேர மௌனமும்

சனிக்கிழமை காலை 10.30. பெங்களூரு கன்டோன்மென்ட்டில் மாரிக்குப்பம் ரயில் ஏறியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற துள்ளல். ஆனால் போவது ஊர் பார்க்க அல்ல, நான் கெடுத்து வைத்ததைப் பார்க்க.

மனநல ஆலோசகர் பயிற்சியில் எனக்கு இது இரண்டாம் வருடம். சுரங்கம் மூடிப்போன தங்க வயலிலிருந்து ஸ்டெல்லா, பால்ராஜ் என்ற தம்பதி வந்தார்கள். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் பால்ராஜுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் வீடு திரும்பினால் அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். விடுவேனா! ‘மன விலகல்’ என்று எழுதிக்கொண்டேன். “அவர் உள்ளே வந்ததுமே இன்னிக்கு என்ன நடந்தது, மனசு எப்படி இருக்குன்னு கேளுங்க” என்று ஸ்டெல்லாவுக்கு வீட்டுப்பாடமும் கொடுத்தேன்.

பத்தே நாளில் ஸ்டெல்லாவின் போன். “வூட்டுக்கே வர மாட்றாரு மேடம். எட்டு மணி வரிக்கும் ஸ்டேஷன் டீக்கடையில குந்திக்கினு இருக்காரு. இனிமே நாங்க வரல.”

என் பயிற்சி ஆசிரியை முதலில் மானுடவியல் படித்தவர். “மானுடவியல்காரங்க ஒரு ஊருக்குப் போனா மாசக்கணக்குல உட்கார்ந்து பார்ப்பாங்க. நீ பார்க்காமலே பேர் வெச்சுட்ட. ஸ்டெல்லா சரின்னா அவங்க வீட்டுல போய் உட்காரு. கேள்வி கேட்காதே” என்றார். ஸ்டெல்லா சரி என்றார்.

பங்காரப்பேட்டையில் கூட்டம் இறங்கியது. அப்புறம் ஜன்னலில் சாம்பல் நிற மண்மேடுகள், சுரங்கக் குழிகளின் மேல் துருப்பிடித்த ஷாப்ட் கோபுரங்கள். மாரிக்குப்பத்தில் இறங்கும்போது மணி ஒன்று. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

“மைன்ஸ் பாக்க வந்தீங்களா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணா, ஒரு வீட்டுல உட்கார.”

“குந்தறதுக்கா அவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்க!”

மைசூர் மைன்ஸ் என்ற பகுதியின் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஸ்டெல்லா அவரைக்காய் உரித்தார். நானும் உரித்தேன். கேள்வி கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். மூன்று மணிக்கு எதிர்வீட்டுப் பெண் வேலை முடிந்து வந்தாள். அவள் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு ஸ்டெல்லா சிரித்தார்.

“எங்கப்பாவும் மைன்ஸ்லதான். ஷிப்ட் முடிஞ்சி மேல வந்தா, கீழ யாருக்கு இன்னா ஆச்சோ, இன்னாத்த பாத்துட்டு வந்தாரோ. வந்ததும் கேட்டா சொல்லியாவணும் இல்ல? அதான், அவங்களா வாயத் தொறக்கற வரிக்கும் கம்முனு கூடவே இருப்போம்.”

“இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“எல்லார் வூட்லயும் இப்படித்தான்னு நெனச்சேன்.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் பத்துக் கேள்வி வரும். பாசம் என்றால் அது ஒன்றுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

இன்றைக்கு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று கணவருக்கு ஸ்டெல்லா போனில் சொல்லியிருந்தார். 4.50க்கு ரயில் சத்தம் கேட்டது. டீக்கடையா, வீடா? ஐந்து அடித்துப் பத்து நிமிடத்தில் பால்ராஜ் வாசலில் நின்றார்! எழுந்து குதிக்காத குறைதான்.

தண்ணீர், துண்டு, காபி. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து காய் உரித்தார். கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். இருபத்தெட்டு நிமிடம்.

“அடுத்த மாசத்துலருந்து என்னிய நைட் ஷிப்ட்ல போடறாங்களாம்” என்றார், ஸ்டெல்லாவைப் பார்த்து. “எங்கப்பா மைன்ஸ்ல நைட் ஷிப்ட்டுக்குப் போயித்தான் திரும்பி வரல. அத நெனச்சா தூக்கமே வர மாட்டேங்குது.”

மூன்று அமர்வுகளில் நான் குடைந்து குடைந்து கேட்டும் வராத வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கிளம்பினேன். ஆட்டோ வரைக்கும் ஸ்டெல்லா கூட வந்தார்.

“செவ்வாக்கிழம ரெண்டு பேரும் வரோம் மேடம். ஆனா வந்ததும் கேக்க ஆரம்பிச்சிடாதீங்க. மொதல்ல தண்ணி குடுங்க.”